நோயாளியின் கோப்பைக் கேட்டு வந்த வக்கீல் நோட்டீஸ்

நான் நடத்தும் சிறிய மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் கோப்பு முழுவதையும் தரும்படி, விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்த அவருடைய கணவரின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். எங்கள் வழக்கமான வழக்கறிஞர் வாடகை, வரி விவகாரங்களில் கெட்டிக்காரர். அவரே மனநலச் சட்ட வழக்குகளை நடத்தும் ஒருவரிடம் என்னை அனுப்பினார்.

நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயங்களில் தமக்குத் துணையாக நோயாளி தேர்ந்தெடுத்தவர், யார் என்பதே இவருடைய முதல் கேள்வி. வெள்ளைத்தாளில் அந்தப் பெண் தம் அக்காவின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டது கோப்பிலேயே இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 14ஆவது பிரிவில், நியமனத்தை இப்படி வெள்ளைத்தாளில் கையொப்பத்துடன் எழுதச் சொல்கிறது; நியமிக்கப்பட்டவரின் எழுத்துமூலமான சம்மதத்தையும் கேட்கிறது. எனவே கோப்பைப் பெறக் கணவர் என்ற உறவு மட்டும் போதாது.

23ஆவது பிரிவு எங்களை ரகசியம் காக்கக் கட்டுப்படுத்துகிறது, அதிகாரமுள்ள அமைப்போ நீதிமன்றமோ உத்தரவிட்டால் அதன்படி நடப்போம் என்று பதில் எழுதியவர், அந்தப் பெண் எங்களிடம் வந்தாரா என்பதைக்கூட உறுதிப்படுத்தாதபடி ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டார். அந்தக் கவனம்தான் பெரிய உதவி. தம் ஆவணங்களைப் பெறும் உரிமையை 25ஆவது பிரிவு நோயாளிக்கே தருவதால், அவர் கேட்டபோது அவருக்கு நகல் கொடுத்தோம். நோட்டீஸ் அனுப்பியவர் அதன்பின் எங்களை அணுகவில்லை. இப்போது நியமனத் தாளை ஒவ்வொரு கோப்பிலும் முதல் பக்கமாகவே வைக்கிறோம்.