ஹெய் டிக்கி: கல்லை நம்பி வயது சொல்லாதீர்கள்

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் கழுத்தில் அணியும் மனித உருவப் பதக்கம் ஹெய் டிக்கி. கல் அசல் பௌனமு (நியூசிலாந்துப் பச்சைக்கல்) என்று தெரிந்ததுமே பதக்கமும் பழையது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரிய பிழை இதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நியூசிலாந்தின் டுனெடின் நகரப் பட்டறைகளிலும், ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரிலும் அதே கல்லில் விற்பனைக்கென்றே டிக்கிகள் செய்யப்பட்டன. கல் நியூசிலாந்துடையது, செதுக்கிய கை மாவோரியுடையதல்ல.

வயதுக்குத் துளையைப் பாருங்கள், பத்து மடங்கு லென்ஸ் போதும். கல்முனை வைத்த கயிற்று டிரில்லால் இரு புறமிருந்தும் குடைந்த துளை நடுவில் ஒடுங்கி உடுக்கை போலிருக்கும். உலோக டிரில் போட்டது நேர்க்குழாய். ஆனால் இருபுறமும் குடைய போலி செய்பவருக்கும் தெரியும் என்பதால் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். பதக்கம் தொங்கும்போது கயிறு துளையின் மேல் விளிம்பில்தான் உரசும். ஆண்டுக்கணக்கில் அணிந்ததில் அங்கே மட்டும் வழவழப்பான பள்ளம் விழும். சிலவற்றில் துளை தேய்ந்து அறுந்துபோய், பக்கத்தில் இரண்டாவது துளை இட்டிருப்பார்கள். விளிம்பு முழுவதும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

உருவத்தின் கண்ணில் சிவப்பு அரக்கு இருப்பதாலேயே போலி என்று ஒதுக்காதீர்கள். அரக்கு ஐரோப்பியர் வந்தபின் கிடைத்தது, 19ஆம் நூற்றாண்டின் அசல் பதக்கங்களிலும் உண்டு. கோடரி போலக் குறுகும் வடிவமும் குற்றமல்ல. இரும்பு வந்தபின் பயனிழந்த கல் கோடரிகள் பலவும் டிக்கிகளாயின.

கல் எதுவென்று அறியக் கத்தியால் கீறிப் பார்க்கவே கூடாது. கயிறில்லாத பதக்கத்தை எடை போடுங்கள். 60 கிராம் உள்ளது நீரில் தொங்கும்போது 40 கிராம் காட்டினால், குறைந்த 20-ஆல் 60-ஐ வகுக்க 3.0 வரும்; நீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பதே இந்த எண். பௌனமுவில் பெரும்பாலானவை நெஃப்ரைட் என்ற கல்வகை; அதற்கு 2.9 முதல் 3.1 வரை சரி. துளையில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் எண் குறையும், தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். 2.6 வந்தாலும் அவசரப்பட வேண்டாம். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்டில் கிடைக்கும் தங்கிவாய் கல்லின் அளவு அதுதான், மாவோரிகள் அதிலும் செதுக்கினார்கள். கண்ணாடியும் அதை ஒட்டியே வரும், அதன் உள்ளே உருண்டைக் குமிழ்கள் தெரியலாம். கனடா நெஃப்ரைட்டும் 3.0-தான், எடையால் அதைப் பிரிக்க முடியாது.

துளையில் சிக்கிய நாரையும் சிவப்புக் காவியையும் ஊசியால் தோண்டாதீர்கள், சோப்பு நீரில் கழுவவும் வேண்டாம். அவை சான்றுகள். 50 ஆண்டுக்கு மேற்பட்ட மாவோரிப் பொருளை நியூசிலாந்திலிருந்து வெளியே கொண்டுபோக 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். விலை பேசுமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.