நல்ல விஸ்கி, பப் பீர்: நம்ம ஆளுங்க அடிக்கடி பண்ற தப்புங்க

ஊர்லேர்ந்து ஃப்ரெண்ட்ஸ் யாராவது ஸ்காட்லாந்துல நான் இருக்குற எடின்பரோ வந்தா கோட்டைய பாக்குறதுக்கு முன்னாடியே "மச்சி நல்ல சரக்கு எங்க கிடைக்கும்"னு கேக்குறாங்க, நானும் சந்தோஷமாதான் கூட்டிட்டு போறேன். ஆனா நல்ல மால்ட் விஸ்கிய ஒரே மடக்குல முடிச்சுட்டு "அடுத்து என்ன"ன்னு கேக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கும், அதான் இத எழுதுறேன். குடிக்காதவங்கள குடிக்க சொல்லல, எப்படியும் காசு கொடுத்து குடிக்கப் போறவங்களுக்குத்தான் இது.

நம்ம பழக்கம் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாருங்க. டாஸ்மாக் பார்ல குவாட்டர உடைச்சு, தண்ணி பாக்கெட்ட பல்லால கடிச்சு ஊத்தி, மூச்ச பிடிச்சுட்டு கப்புனு அடிச்சுட்டு ஊறுகாய தொட்டு நாக்குல வச்சுக்குறது. அந்த சரக்குக்கு அது பொருத்தம்தான், ஏன்னா இந்தியால சாதாரணமா விக்கிற விஸ்கில பெரும்பாலானது கரும்பு மொலாசஸ்லேர்ந்து எடுத்த ஸ்பிரிட், அதோட கொஞ்சம் மால்ட் விஸ்கி (முளைக்க வச்ச பார்லிலேர்ந்து காய்ச்சுனது) சேத்து கலர் போட்டு வரும், ஐரோப்பால அத விஸ்கின்னு லேபிள் ஒட்டி விக்கவே முடியாது. அதுல ரசிக்க பெருசா ஒண்ணும் இல்ல, சீக்கிரம் உள்ள போனா போதும். ஸ்காட்ச் கதையே வேற. தானியத்துலேர்ந்து காய்ச்சி, 700 லிட்டருக்கு மேல போகாத ஓக் பீப்பாய்ல, ஸ்காட்லாந்து மண்ணுலயே கொறஞ்சது 3 வருஷம் ஊறணும், பாட்டில்ல ஆல்கஹால் 40 சதவீதத்துக்கு கீழ போகக்கூடாது, இதெல்லாம் சட்டம். 12 வருஷம் ஊறுனத 12 செகண்ட்ல முழுங்குறதுதான் எல்லா தப்புக்கும் தாய் தப்பு.

சரி, க்ளாஸ்லேர்ந்து ஆரம்பிப்போம். கீழ கொஞ்சம் குண்டா, மேல வாய் குறுகி துலிப் பூ மாதிரி இருக்கும் பாருங்க, க்ளென்கேர்ன்னு சொல்லுவாங்க, விஸ்கி வாசனை அந்த குறுகின வாய்ல தேங்கி நிக்கும். அது இல்லேன்னா சின்ன ஒயின் க்ளாஸ் போதும். ப்ளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். மூக்க நேரா உள்ள விட்டு இழுக்காதீங்க, ஆல்கஹால் சுர்ருனு ஏறி அடுத்த பத்து நிமிஷத்துக்கு வாசனையே தெரியாம போயிடும். க்ளாஸ முதல்ல தாடைகிட்ட பிடிங்க, வாய லேசா தொறந்து வச்சுட்டு மெதுவா மூச்சு இழுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல கொண்டு வாங்க. பர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாய்ல ஊறுனதா இருந்தா வெனிலா, தேங்கா மாதிரி வரும், ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) பீப்பாய்னா காஞ்ச திராட்சை, கிறிஸ்மஸ் கேக். இந்த பர்பன் பீப்பாய் சமாச்சாரமும் சுவாரஸ்யமானது, அமெரிக்காக்காரன் பர்பன ஒவ்வொரு தடவையும் உள்பக்கம் கருக்குன புது ஓக் பீப்பாய்லதான் போடணும்னு சட்டம் வச்சிருக்கான், ஒரு தடவை யூஸ் பண்ணினது அவனோட பர்பனுக்கு திரும்ப ஆகாது, அதுல நிறைய கப்பல் ஏறி ஸ்காட்லாந்துக்கு வந்துடுது.

முதல் சிப் ரொம்ப சின்னதா எடுங்க, அது நாக்க பழக்குறதுக்கு மட்டும்தான், எரியும். ரெண்டாவது சிப்ப வாயில கொஞ்ச நேரம் உருட்டி வச்சுட்டு முழுங்குங்க, டேஸ்ட்டே அப்பத்தான் தொடங்கும்.

இப்ப தண்ணி மேட்டர். இதுல ரெண்டு கோஷ்டி இருக்கு, ரெண்டுமே தப்பு பண்ணுது. ஒரு கோஷ்டி க்ளாஸ் நிறைய தண்ணி, சோடா, கோக்னு ஊத்தி விஸ்கிய தேடுற நிலைமைக்கு கொண்டு வந்துடும், இன்னொரு கோஷ்டி "ராவா அடிக்கிறவன்தான் ஆம்பள, தண்ணி ஊத்துனா அசிங்கம்"னு பிடிவாதம் பிடிக்கும். விஸ்கிய வாழ்நாள் தொழிலா வச்சிருக்குற ப்ளெண்டர்ங்களே (பல பீப்பாய் விஸ்கிய கலந்து சேக்குறவங்க) சாம்பிள சுமார் 20 சதவீதத்துக்கு தண்ணி கலந்து குறைச்சுத்தான் மோந்து பாக்குறாங்க. 2017ல ஸ்வீடன்ல ரெண்டு விஞ்ஞானிங்க கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு பாத்தாங்க, பீட்னு சொல்ற சதுப்பு நிலத்து கரி மண்ண எரிக்கிறப்ப வர்ற புகை வாசனைக்கு காரணமான குவாயகால்னு ஒரு பொருள் இருக்கு, தண்ணி சேக்குறப்ப அது திரவத்தோட மேல்மட்டத்துக்கு நகருதாம், மேல வந்தா மூக்குக்கு கிட்ட வந்துடுதுல்ல. அதனால முதல்ல ராவா ஒரு சிப், அப்புறம் ஸ்பூன்ல சில சொட்டு தண்ணி விடுங்க, எண்ணெய் மாதிரி கோடு கோடா சுழிச்சுட்டு இறங்கும், கொஞ்சம் பொறுத்து திரும்ப மோந்து பாருங்க, முதல்ல இல்லாத பழ வாசனை ஒண்ணு எழுந்து வந்திருக்கும். போதலேன்னா இன்னும் சில சொட்டு. எந்த இடத்துல நிறுத்துறதுன்னு உங்க மூக்கே சொல்லும்.

ஐஸ் போட்டா ஒண்ணும் கொலைக்குத்தம் இல்ல, ஆனா குளிர்ல வாசனை அடங்கிடும், நாக்கும் மரத்துடும். காசு போட்டு வாங்குன சிங்கிள் மால்ட்ல (ஒரே ஆலைல காய்ச்சுன மால்ட் விஸ்கி) மலை மாதிரி ஐஸ் போடுறது நஷ்டம். வெயில் காலத்துல ஐஸும் சோடாவும் வேணும்னா நல்ல ப்ளெண்டட் ஸ்காட்ச்ச (மால்ட்டும் மத்த தானிய விஸ்கியும் கலந்தது) வச்சு ஹைபால் பண்ணுங்க, ஜப்பான்ல அத பெரிய கலையாவே வளத்து வச்சிருக்காங்க, அவ்ளோ நல்லா இருக்கும். இன்னொண்ணு, சில பாட்டில்ல ஐஸோ தண்ணியோ போட்டதும் விஸ்கி லேசா கலங்கும், உடனே "டூப்ளிகேட் சரக்கு"ன்னு பயந்து கீழ ஊத்திடாதீங்க. குளிரவச்சு வடிகட்டாத விஸ்கில இருக்குற கொழுப்பமிலம் சம்பந்தப்பட்ட பொருளுங்கதான் அப்படி கலங்கலா வெளிய வருது, வாய்ல நல்ல திக்கா இருக்குறதுக்கும் அதுங்க ஒரு காரணம்.

அடுத்தது வயசு. 12, 18ன்னு லேபிள்ல இருக்குறது அந்த பாட்டில்ல கலந்திருக்குறதுலயே ரொம்ப சின்ன வயசு விஸ்கியோட வயசு. நம்பர் ஏற ஏற விலை ஏறுது, டேஸ்ட்டும் அப்படியே ஏறணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, ரொம்ப நாள் பீப்பாய்ல கிடந்தா மரம்தான் முன்னாடி வந்து நிக்கும். ஊர் வெயிலுக்கு ஏத்த மாதிரி வயசோட அர்த்தமே மாறும். ஸ்காட்லாந்து குளிர்ல வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் பீப்பாய்லேர்ந்து ஆவியா போகுது, தேவதைகளோட பங்குன்னு சொல்லுவாங்க. பெங்களூர்ல அம்ருத் டிஸ்டில்லரில அதே பங்கு 10 சதவீதத்த தாண்டுது, அந்த சூட்டுல மரத்தோட சாறும் வேகமா இறங்குது, நாலஞ்சு வருஷத்துலயே விஸ்கி பக்குவமாயிடுது. அவங்க 2004ல சிங்கிள் மால்ட்ட முதல்ல வெளியிட்டதே ஸ்காட்லாந்துக்காரன் ஊர்லதான், கிளாஸ்கோல! இந்திய விஸ்கின்னு கேட்டதும் மூஞ்ச சுளிக்கிறவங்க அம்ருத் ஃப்யூஷன ஒரு தடவை பொறுமையா குடிச்சு பாருங்க, பெருமையா இருக்கும்.

கலர பாத்தும் ஏமாறாதீங்க. ஸ்காட்ச்ல கேரமல் கலர் சேக்க சட்டமே அனுமதிக்குது, நல்ல கருப்பா தேன் மாதிரி இருந்தா ரொம்ப நாள் ஊறுனதுன்னு அர்த்தம் கிடையாது. வெளிர் வைக்கோல் கலர்ல இருக்குற விஸ்கில அபாரமான ஐட்டமெல்லாம் இருக்கு.

புதுசா ஆரம்பிக்கிறவங்கள சில பேர் நேரா லஃப்ரோய்க்லயோ ஆர்ட்பெக்லயோ கொண்டு போய் விடுறாங்க, வேண்டாம். ரெண்டும் ஸ்காட்லாந்தோட ஐலா தீவு சரக்கு, பார்லிய பீட் புகைல காய வைப்பாங்க, முதல் வாசனையே ஆஸ்பத்திரி டிங்ச்சர் மாதிரி தூக்கி அடிக்கும், பாதி பேர் அதோட விஸ்கிக்கே கும்பிடு போட்டுடுறாங்க. ஸ்காட்லாந்துலயே ஸ்பேசைட் பக்கத்து க்ளென்லிவெட், க்ளென்ஃபிடிச், இல்லேன்னா ஐரிஷ்ல ரெட்ப்ரெஸ்ட் 12, இப்படி மென்மையா தொடங்கி நிதானமா ஐலாவுக்கு போங்க. போனா திரும்ப மாட்டீங்க, அது வேற விஷயம்.

சைட் டிஷ் பத்தி சொன்னா நம்ம ஆளுங்களுக்கு கோவம் வரும், இருந்தாலும் சொல்லிடுறேன். மிளகாய் காரமும் ஆல்கஹால் எரிச்சலும் நாக்குல ஒரே உணர்வு வழியத்தான் தூண்டுது, ஒண்ணு இன்னொண்ண கூட்டி விடும், சில்லி சிக்கனோட குடிக்கிறப்ப மால்ட்டோட மென்மையெல்லாம் எரிஞ்சு போயிடும். சாப்பாட்ட முன்னாடியே நல்லா முடிச்சுடுங்க, வெறும் வயித்துல குடிக்கவே கூடாது. க்ளாஸோட முந்திரி, பாதாம், டார்க் சாக்லேட் போதும்.

வீட்ல வைக்கிற விதத்துலயும் தப்பு நடக்குது. துபாய்லேர்ந்து மாமா வாங்கிட்டு வந்த பாட்டில பீரோவுக்குள்ள பத்து வருஷம் பூட்டி வச்சா 12 வருஷ விஸ்கி 22 ஆகாது, பீப்பாய்லேர்ந்து வெளிய வந்த அன்னிக்கே வயசு நின்னுடுது. ஒயின் மாதிரி படுக்க வைக்காதீங்க, அந்த ஸ்ட்ராங்கு கார்க்க அரிச்சுடும், நிமித்தி வைங்க, ஷோகேஸ் வெயில்ல வைக்காதீங்க. தொறந்த பாட்டில் பாதிக்கு கீழ போயிடுச்சுன்னா உள்ள காத்து ஜாஸ்தி, வாசனை மெல்ல மங்கும், நல்ல மனுஷங்கள கூப்பிட்டு முடிச்சுடுங்க.

இனி பப்.

எடின்பரோல பௌ பார்னு ஒண்ணு இருக்கு, விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம், சின்ன இடம், சுவர் முழுக்க விஸ்கி, கவுண்டர்ல காஸ்க் ஏல். இங்க நம்ம ஆளுங்க முதல் பைன்ட்ட (சுமார் 568 மில்லி பீர்) வாங்கி ஒரு வாய் குடிச்சுட்டு "சில்லுனு இல்ல, கேஸும் இல்ல, பழசு போல"ன்னு சொல்லுவாங்க. பழசு இல்லீங்க. காஸ்க் ஏல் உயிருள்ள பீர், ஈஸ்ட் உள்ள இருக்குறப்பவே பப் நிலவறைக்கு வந்து அங்க பீப்பாய்லயே ரெண்டாவது தடவை புளிச்சு பக்குவமாகுது, வெளிய இருந்து கேஸ் ஏத்துறது கிடையாது, பெரும்பாலான இடத்துல கைப்பம்புல இழுத்துத்தான் ஊத்துவாங்க. 11லேர்ந்து 13 டிகிரி, அதுதான் அதோட சரியான சூடு. இதுக்கு கீழ போனா மால்ட் இனிப்பும் ஹாப்ஸ் (பீருக்கு கசப்பும் வாசனையும் தர்ற பூ) வாசனையும் ஒளிஞ்சுக்கும். கம்பெனிங்க எல்லாம் கேஸ் அடிச்ச கெக் பீருக்கு மாறி இது அழியப் போற நேரத்துல 1971ல கேம்ரான்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சு குடிமக்களே போராடி காப்பாத்துனாங்க, எனக்கு அது மேல ரொம்ப மரியாதை.

பீப்பாய தொறந்தா மூணு நாளுக்குள்ள வித்து தீக்கணும், அதனால கூட்டம் இல்லாத பப்ல பத்து பம்பு வரிசையா நின்னா ஜாக்கிரதை, கூட்டமுள்ள பப்ல மூணு பம்பு இருந்தா தைரியமா வாங்குங்க. எது வேணும்னு தெரியலேன்னா கேளுங்க, பல இடத்துல சின்ன க்ளாஸ்ல சாம்பிள் ஊத்தி கொடுப்பாங்க. நிஜமாவே வினிகர் மாதிரி புளிச்சா கூச்சப்படாம பணிவா திருப்பி கொடுங்க, மாத்தி தருவாங்க, பாதி குடிச்சுட்டு கொடுக்காதீங்க. சைவக்காரங்களுக்கு ஒரு தகவல்: காஸ்க் ஏல தெளிய வைக்க மீனோட காத்துப்பையிலேர்ந்து எடுக்குற பொருள சேக்குறது வழக்கம், சேக்காத ஏலும் இருக்கு, கவுண்டர்ல கேட்டுக்கங்க. கின்னஸ்ங்குற ஐரிஷ் பீர்ல அத நிறுத்தி சில வருஷம் ஆச்சு.

கின்னஸ்னதும் ஞாபகம் வருது, கருப்பா இருக்கு ஸ்ட்ராங்கா இருக்கும்னு பயப்படுறவங்க நிறைய. அந்த கருப்பு, வறுத்த பார்லியால வர்ற கலர், ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், நம்ம ஊர் ஸ்ட்ராங் பீர்ல பாதி. முக்கா க்ளாஸ் ஊத்திட்டு ஓரமா வச்சுட்டு போயிடுவாங்க, மறந்துட்டாங்கன்னு நெனச்சு கைய நீட்டாதீங்க. நைட்ரஜன் குமிழி எல்லாம் அடங்கி கருப்பும் வெள்ளையும் பிரியணும், அப்புறம் வந்து மிச்சத்த ஊத்துவாங்க. குடிக்கிறப்பவும் நுரைய நக்கிட்டு இருக்காம நுரைக்கு கீழ இருக்குற பீர நல்லா ஒரு வாய் இழுங்க.

பப்ல டேபிள்ல உக்காந்து வெயிட்டர தேடுனா யாரும் வரமாட்டாங்க, கவுண்டருக்கு போய் நீங்களே வாங்கணும். க்யூ கண்ணுக்கு தெரியாது, ஆனா யாருக்கு முன்னாடி யார் வந்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், சொடக்கு போடுறது, நோட்ட ஆட்டுறது ரெண்டும் ஆகாது. ரவுண்டு முறை இன்னும் முக்கியம்: ஒருத்தர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்தது அடுத்தவர், நாலு பேர்கிட்ட வாங்கி குடிச்சுட்டு உங்க முறை வர்றப்ப கெளம்புனீங்கன்னா அந்த பேர் வருஷக்கணக்கா நிக்கும். வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியலேன்னா ஹாஃப் பைன்ட் கேளுங்க, நடுவுல லைம் சோடா கேளுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

வீட்ல பீர் குடிக்கிறவங்களுக்கு மூணே விஷயம். ஃப்ரீசர்ல வச்ச ஐஸ் மக் வேண்டாம், அந்த ஐஸ் துகள்ல நுரை பொங்கும், டேஸ்ட்டும் செத்துடும். பச்சை பாட்டில வெயில்ல வைக்காதீங்க, வெளிச்சம் பட்டா ஹாப்ஸ்லேர்ந்து ஒரு கெட்ட நாத்தம் வரும், ப்ரவுன் பாட்டில் நல்லா தடுக்கும், பச்சை தடுக்காது. அப்புறம் க்ளாஸ சாய்ச்சு நுரையே வராம ஊத்துறத திறமைன்னு நெனைக்கிறோம், வெளிய போக வேண்டிய கேஸ் வயித்துக்குள்ள போகுது, கடைசில நிமித்தி ஊத்தி ரெண்டு விரல் நுரை வர விடுங்க.

கடைசியா அளவு. "பீர்தானே மச்சி"ங்குற பேச்சுலதான் பெரிய தப்பு இருக்கு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில்ல சுத்த ஆல்கஹால் 52 மில்லி. 42.8 சதவீத விஸ்கி ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லில 26 மில்லிக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு பாட்டில் பீர் ரெண்டு லார்ஜுக்கு சமம், எந்த வரிசைல குடிச்சாலும் ஈரலுக்கு இந்த கணக்குதான் தெரியும், காபியும் மோரும் குளியலும் ஈரலோட வேலைய வேகப்படுத்தாது. இங்க பிரிட்டன்ல வாரத்துக்கு சுத்த ஆல்கஹால் 140 மில்லிக்கு மேல வேண்டாம்னு அரசாங்கமே சொல்லுது. வண்டியும் எடுக்காதீங்க: ஸ்காட்லாந்துல 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம்தான் வரம்பு, இங்கிலாந்தோட 80 இங்க செல்லாது, இந்தியால 30தான். டிஸ்டில்லரி டூர் போறப்ப யார் வண்டி ஓட்டுறாங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, அவங்க பங்க சின்ன பாட்டில்ல ஊத்தி கைல கொடுத்துடுவாங்க, ராத்திரி ரூமுக்கு வந்து நிதானமா குடிச்சுக்கலாம்.