தருமபுரிக் கோவிலில் ரைன்பெர்கரின் கான்டிலீனா: கீபோர்டில் வாசிக்கத் தயாராகும் முறை

ஜோசப் ரைன்பெர்கர் (1839–1901) ஆர்கனுக்கென்று எழுதிய 20 சொனாட்டாக்களுள் 11-ஆவதன் இரண்டாம் பகுதி, எஃப் மேஜரில் அமைந்த கான்டிலீனா, அதாவது பாடல் போன்ற மெட்டுள்ள பகுதி. பைப் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் கருவி) இல்லாத நம் கத்தோலிக்கக் கோவில்களில் துணிந்து எடுத்துக்கொள்ளத்தக்க மெதுவான பகுதி இதுவே என்பது என் கருத்து. வலது கை தனியாக ஒரு பாடலைப் பாடுகிறது, இடது கை அதற்கு அமைதியாகக் கார்டு பிடிக்கிறது, காலால் வாசிக்கும் பெடல் கீழே சீராக நடந்துகொண்டே இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே கேட்பதால், எளிய கருவியிலும் இசையின் வடிவம் குலையாது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் நோட்டேஷன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

பயிற்சியைத் தொடங்குமுன் பைப் ஆர்கனை ஒருமுறையாவது நேரில் கேட்டுவிடுவது நல்லது. கிருஷ்ணகிரியிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் பெங்களூருவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் ஒன்று இருக்கிறது. பியானோவைப் போல ஓங்கி அழுத்தினால் ஆர்கனில் ஒலி கூடுவதில்லை. கட்டையை அழுத்தியிருக்கும் வரை ஒரே அளவில் ஒலித்து, விரலை எடுத்த கணத்தில் ஒலி நின்றுவிடுகிறது. ஆகவே இந்த இசையில் உணர்ச்சி என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு, விரலை எப்போது எடுக்கிறோம் என்பதிலிருந்தே வருகிறது.

கீபோர்டில் ‘பைப் ஆர்கன்’ அல்லது ‘சர்ச் ஆர்கன்’ என்றிருக்கும் ஒலிகளில் மென்மையானதைத் தேர்ந்தெடுத்து, அழுத்தத்துக்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டச் ரெஸ்பான்ஸை அணைத்துவிட வேண்டும். சுழலும் ஸ்பீக்கர் விளைவு இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். அது வேறு வகை இசைக்குரியது. விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலைக் கழற்றி வைத்துவிடுவதே பாதுகாப்பு, ஏனெனில் பழக்கத்தில் கால் தானாக அதைத் தேடும்.

பெடல் போர்டு இல்லாத குறைக்கு, பாடற்குழுவில் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு கீபோர்டுகளை அடுக்கு ஸ்டாண்டில் வைத்து, மேலே உள்ளதில் உங்கள் வலது கை மெட்டை வாசிக்கட்டும். கீழே உள்ளதை ஸ்ப்ளிட் செய்து (இரண்டு ஒலிப் பகுதிகளாகப் பிரித்து), இடப்பக்கப் பகுதியில் பாஸ் ஒலியை வைத்து, நோட்டேஷனின் மூன்றாவது ஸ்டாஃபை, அதாவது பெடலுக்குரிய வரியை, நண்பரிடம் ஒப்படையுங்கள். வலப்பக்கப் பகுதியை ஒரு ஸ்தாயி இறக்கி அமைத்து, உங்கள் இடது கை எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால், இருவர் கைகளும் இடித்துக்கொள்ளாது. ஒலியும் சரியான இடத்திலேயே விழும். பாஸுக்கு எழுதிய சுரத்தோடு அதன் கீழ் ஸ்தாயியும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். ஆர்கன்காரர்கள் 8 அடி, 16 அடி ஸ்டாப்புகளைச் சேர்ப்பது என்று சொல்வது இதைத்தான்.

விரல் பயிற்சியில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒலி அறுபடாமல் அதே கட்டையில் வேறொரு விரலை மாற்றி வைக்கும் வித்தையைப் பழகாமல் மெட்டைத் தொடர்ச்சியாக வாசிக்க இயலாது. உதாரணமாக, மூன்றாம் விரலால் அழுத்திய கட்டையில் ஐந்தாம் விரலைச் சறுக்கி வைத்து, மூன்றாவதை விடுவித்தால், இறங்கும் சுரங்களுக்குக் கை மீண்டும் தயாராகிவிடும். எங்கெங்கு மாற்றுகிறீர்கள் என்பதைப் பென்சிலால் 3–5 என்று எழுதி, ஒவ்வொரு முறையும் அதையே பின்பற்றுங்கள். ஒரே சுரம் திரும்ப வரும் இடங்களில், முதல் சுரத்தைச் சற்று முன்னதாக எடுத்துவிடாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு முன்னதாக என்பதைக் கோவிலின் எதிரொலிதான் தீர்மானிக்கும்.

வேகத்தைக் கண்டுபிடிக்க மெட்ரோனோமைவிட உங்கள் குரலே நம்பகமானது: வலது கை மெட்டைப் பாடிப் பார்த்து, ஒரு வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை என்றால் வேகம் குறைந்துவிட்டது என்று பொருள். மூச்சு எடுத்த இடத்தில் விரலையும் லேசாக எடுங்கள். மெட்டு கொஞ்சம் தாமதித்தாலும் பாஸ் வாசிப்பவர் அதன் பின்னால் இழுபடாமல் நடையைக் காப்பாற்றட்டும்.

தவக்காலத்தில் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஆர்கன் ஒலிக்கலாம் என்ற திருவழிபாட்டு விதி இருப்பதால், தனி இசைக்கு வேறு காலத்தைத் தேர்ந்து பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய ஐந்து நிமிடம் நீளும் பகுதி என்பதால், நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்க வரிசை நகரத் தொடங்கியதுமே ஆரம்பிப்பது நல்லது. ஒத்திகையை வீட்டில் முடித்துக்கொள்ளாமல், கோவிலின் மைக் செட் வழியாகவே செய்து, ஒருவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, பாஸ் மெட்டை மூழ்கடிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க, நகலெடுத்த பக்கங்களைக் கெட்டி அட்டையில் ஒட்டி, துணிக் கிளிப்பால் பிடித்து வையுங்கள். யு.பி.எஸ். கீபோர்டுக்கும் இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, முந்தைய பாடலுக்காக டிரான்ஸ்போஸை (ஸ்கேலை ஏற்றி இறக்கும் அமைப்பை) மாற்றியிருந்தால் அதை இரண்டு கீபோர்டுகளிலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே முதல் சுரத்தில் கை வையுங்கள். ஒன்றில் மட்டும் மாற்ற மறந்தால், மெட்டு ஒரு ஸ்கேலிலும் கார்டு வேறொரு ஸ்கேலிலும் கிளம்பும்.