பெரிய மரச்சிற்பத்திற்குக் கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

நான்கடி உயர வாகைக் கட்டையில் சிற்பம் செதுக்க முனைவோர், நுண்வேலைக்குரிய சிற்றுளிகளை வாங்குவதற்கு முன், வேண்டாத மரத்தை வெட்டிக் களையும் வாய்ச்சியையும், 30 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள குழி உளி ஒன்றையும், உளியை அடிக்கக் கைக்கு அடங்கும் எடையுள்ள கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலையும் தேடிக்கொள்ள வேண்டும். உளியின் அலகு பிடியோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பாருங்கள். பிடியின் தலையில் இரும்புப் பூண் இல்லையெனில், தொடர்ந்து அடி வாங்கும்போது அது பிளக்கக்கூடும். தொடக்கத்திலேயே முழுத் தொகுப்பையும் வாங்குவது வீண்செலவு என்பதே என் கருத்து. கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று எஃகை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால், நல்ல சாணைக்கல்லோடு எண்ணெய் தோய்த்த துணியையும் வைத்திருந்து, அன்றன்று வேலை முடிந்ததும் அலகைத் துடைத்துவையுங்கள்.