படப்பெட்டி வந்த பிறகு: ஹாலிவுட் பொற்காலத்து ஊர்த் தியேட்டர்கள் விளம்பரத்தில் செய்யக்கூடாதவை

1930களிலும் 40களிலும் அமெரிக்காவின் ஒரு சிறு ஊரில் தியேட்டர் நடத்தியவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை படம் மாறும். ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்குப் பெரிய நட்சத்திரப் படம். புதன், வியாழனுக்கு நடுத்தரமான ஒன்று. வெள்ளி, சனிக்குக் குதிரை ஓடும் கௌபாய் படம். ஒரு படத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லி, ஆள் சேர்த்து, வசூல் எடுக்க அவருக்குக் கிடைத்தது சில நாள்தான்.

அதிலும் பெரிய சங்கடம், அவர் அந்தப் படத்தைப் பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டார். ஸ்டுடியோக்கள் படங்களைக் கட்டுக்கட்டாக விற்றன. நாலு நல்ல படம் வேண்டுமென்றால் கூடவே நாற்பது சுமார் படத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் பல படங்கள் தயாராவதற்கு முன்பே. 1948இல் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை இந்தக் கட்டு வியாபாரம் ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தது. பார்க்காத படத்தை, தன்னைத் தினமும் பார்க்கிற ஜனங்களிடம் விற்க வேண்டிய நிலை. இனி வரும் தவறுகளில் பலவும் இந்த நெருக்கடியில் முளைத்தவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஸ்டுடியோ அனுப்பிய பிரஸ்புக்கை அப்படியே இறக்கிவைப்பது. ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஒரு கையேடு வரும். பத்திரிகை விளம்பர மாதிரிகள், தயாராக எழுதி வைத்த செய்திக் கட்டுரைகள், எந்த அளவில் என்ன போஸ்டர் கிடைக்கும் என்ற பட்டியல், கடைக்காரர்களோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்ற யோசனைகள், எல்லாம் அதில் இருக்கும். விளம்பரப் படம் வேண்டுமென்றால் ‘மேட்’ வாங்கிக்கொள்ளலாம். காகிதக்கூழை அழுத்திச் செய்த, அட்டை கனமுள்ள அச்சு அது. ஊர்ப் பத்திரிகையின் அச்சகத்தில் கொடுத்தால் அதன்மேல் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி, ஆறியதும் பிரித்தெடுப்பார்கள். நியூயார்க்கில் வரைந்த நட்சத்திரத்தின் முகம் அப்படியே அயோவா மாநிலத்தின் வாரப் பத்திரிகையில் வந்துவிடும். அருமையான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டுரையிலும் அதே கதைதான். தியேட்டர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மீதியெல்லாம் நாடு முழுக்க ஒரே வாசகம். பக்கத்து ஊர்ப் பத்திரிகையில் போன வாரம் வந்ததையே இந்த வாரம் நம் பத்திரிகையில் போட்டால் வாசகர் கண் அதில் நிற்காது.

ஸ்டுடியோவுக்கு அமெரிக்கா முழுவதும் ஒரே சந்தை. மேனேஜருக்கோ தன் ஊர் மட்டும்தான் சந்தை. இந்த வித்தியாசம் புரியாமல் போனதற்கு நல்ல சாட்சி 1935 ஜூலை 17ஆம் தேதி ‘வெரைட்டி’ என்ற சினிமாத் தொழில் பத்திரிகையின் தலைப்புச் செய்தி. கிராமத்து ஜனங்கள் கிராமத்துக் கதைகளை ஒதுக்குகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். விவசாயிக்கு விவசாயி படம் பிடிக்கும் என்று பட்டணத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு அது புதுச் செய்தி. டிக்கெட் கவுன்டரில் நின்றவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். ‘மோஷன் பிக்சர் ஹெரால்ட்’ என்ற தொழில் பத்திரிகையில், எந்தப் படம் எந்த ஊரில் எப்படிப் போனது என்று சிறு ஊர்த் தியேட்டர்காரர்களே எழுதும் பகுதி ஒன்று இருந்தது. பிரஸ்புக்கைப் புரட்டுவதற்கு முன் அதைப் படித்தவர் பிழைத்தார். ஜனத்தொகை எவ்வளவு, அன்று மழையா வெயிலா, பாதியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்றெல்லாம் அதில் வெளிப்படையாக எழுதுவார்கள். எந்த ஸ்டுடியோ கையேடும் இதைச் சொல்லாது.

அடுத்தது, நட்சத்திரத்தின் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டுப் படம் எதைப் பற்றியது என்று சொல்லாமல் விடுவது. 1938 மே மாதம் எந்த ஸ்டுடியோவையும் சேராத தியேட்டர்களின் உரிமையாளர் சங்கம் ஒன்று தொழில் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது: கிரேட்டா கார்போ, ஜோன் க்ராஃபோர்ட், மார்லின் டீட்ரிச், காதரின் ஹெப்பர்ன் போன்றவர்கள் பெரிய சம்பளம் வாங்கினாலும் வசூலுக்கு விஷம் என்று. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, தீர்ப்பு அவசரமானது. இரண்டே வருஷத்தில் ஹெப்பர்ன் ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ மூலம் திரும்ப எழுந்துவிட்டார். கதையைச் சொல்லி, இது சிரிப்புப் படமா அழுகைப் படமா என்று தெரியவைத்து ஆளைக் கூப்பிட வேண்டியது யாருடைய வேலை? பாதிப் பொறுப்பு தட்டி எழுதியவருக்கும் உண்டு.

படத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது இன்னொரு தவறு, இது மன்னிக்க முடியாதது. ஸ்டுடியோக்களின் விளம்பரங்களுக்கு 1930இலேயே ஒரு நெறிமுறை வந்துவிட்டது. அதை மதிக்காமல் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் ‘தி அவுட்லா’ படத்துக்கு நடிகை ஜேன் ரஸ்ஸலின் உடலை முன்னிறுத்தி விளம்பரம் செய்தார். 1946இல் தயாரிப்பாளர் சங்கம் அந்தப் படத்துக்குக் கொடுத்திருந்த ஒப்புதல் முத்திரையையே திரும்பப் பெற்றது, விளம்பரத்துக்காக மட்டும். ஹியூஸுக்கு நஷ்டமில்லை, படம் நன்றாக ஓடியது. ஆனால் அவர் கோடீஸ்வரர், படத்தை விற்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். ஊர் மேனேஜர் அடுத்த ஞாயிறு அதே பாதிரியாரை, அதே பெண்கள் சங்கத் தலைவியை எதிர்கொள்ள வேண்டும். 1934இல் கத்தோலிக்க திருச்சபையின் ‘லீஜியன் ஆஃப் டீசன்சி’ லட்சக்கணக்கானவர்களிடம் ஆட்சேபகரமான படங்களைப் புறக்கணிப்போம் என்று உறுதிமொழி வாங்கியிருந்தது. காதல் படத்தைக் காமப் படம்போல் காட்டிய ஒரே போஸ்டர் அந்தக் கோபத்தை வாசலுக்குக் கொண்டுவரப் போதும். சூடான படம் என்று நம்பி வந்தவரும் ஏமாந்து போவார், குடும்பத்தோடு வரவேண்டியவரும் வராமல் போவார்.

தெருக்கூத்து விளம்பரங்களில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பயமுறுத்தும் படத்துக்கு வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்துவது, லாபியில் நர்ஸ் வேஷத்தில் ஒரு பெண்ணை உட்கார வைப்பது, கௌபாய் உடையில் ஆளைக் குதிரையேற்றி ஊரைச் சுற்ற விடுவது. பார்க்கிறவருக்கு அது வேடிக்கை என்று தெரியும், அதனால் யாருக்கும் கெடுதலில்லை. பொய்யைச் செய்தியாக்கும்போதுதான் கெட்டது. 1920இல் ஹாரி ரைக்கன்பாக் என்ற விளம்பரக்காரர் ஒரு டார்ஸான் படத்துக்காக நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் ‘டி. ஆர். ஜான்’ என்ற பெயரில் ஓர் ஆளை அறை எடுக்க வைத்து, பெரிய பெட்டிக்குள் சிங்கத்தை அடைத்து அந்த அறைக்கு ஏற்றிவிட்டார். பத்திரிகைகள் கொண்டாடின. அந்தக் கதையைக் கேட்டுச் சின்ன ஊரில் அதே மாதிரி ஏதாவது செய்யத் தோன்றும். நியூயார்க்கில் ஏமாந்தவருக்கு ஏமாற்றியவரைத் தெரியாது. இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் பத்திரிகை ஆசிரியரும் போலீஸ்காரரும் தியேட்டர்காரரின் முகம் தெரிந்தவர்கள். ஒருமுறை பொய்ச் செய்தி போட்டுக் கொடுத்த ஆசிரியர், மறுமுறை உண்மையைக்கூட உள்பக்கத்தில் ஓர் ஓரமாகத்தான் போடுவார்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் பீங்கான் இரவுகள் வந்தன. டிக்கெட்டோடு வாரம் ஒரு தட்டு அல்லது கோப்பை, விடாமல் வந்தால் முழு செட் சேரும். கூடவே குலுக்கலில் பணப் பரிசு தரும் ‘பேங்க் நைட்’. லாட்டரிச் சட்டத்தில் மாட்டாமல் இருக்க, டிக்கெட் வாங்காதவரும் இலவசமாகப் பெயர் பதிவு செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். அப்படியும் பல மாநிலங்களில் வழக்கு நடந்தது. கஷ்ட காலத்தில் காலி நாற்காலியை நிரப்பிய இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தவறு எங்கே என்றால், அந்த வாரம் விளம்பரத்தில் தட்டின் படம் பெரிதாகவும் படத்தின் பெயர் பொடியாகவும் வந்ததில். தட்டுக்காக வந்தவர், செட் முடிந்ததும் நின்றுவிடுவார்.

தென் மாநிலங்களில் நடந்ததைத் தவறு என்ற சொல்லால் அளக்க முடியாது. ஊருக்கே திருவிழா என்று நோட்டீஸ் அடிப்பார்கள். கறுப்பின மக்களுக்குப் பக்கவாட்டுப் படிக்கட்டும் பால்கனியும்தான், இல்லையென்றால் நள்ளிரவுக் காட்சி. 1939 டிசம்பர் 15இல் அட்லாண்டாவின் லோயூஸ் கிராண்ட் தியேட்டரில் ‘கான் வித் தி விண்ட்’ முதல் காட்சிக்கு நகரமே அலங்காரம் பூண்டது. அதில் நடித்த கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் அங்கே வர முடியவில்லை. அடுத்த பிப்ரவரியில் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த விருந்து மண்டபத்திலும் அவரைத் தனி மேஜையில்தான் உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்து விளம்பரத் திறமையைப் புகழ்ந்து எழுதும் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

கடைசியாக, சின்ன விஷயம் போலத் தோன்றும் ஒன்று. பதினான்குக்கு இருபத்திரண்டு அங்குலத்தில் கடை ஜன்னல் அட்டை வரும். கீழே வண்ணப் படம், மேலே வெற்றிடம். ஊர் அச்சகத்தில் அந்த வெற்றிடத்தில் தியேட்டர் பெயரும் நாளும் அடித்து, முடிதிருத்தும் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை ஜன்னல்களில் வைப்பார்கள். கடைக்காரருக்குக் கைமாறு, இலவச பாஸ். படம் மாறும் வேகத்தில் இந்த அட்டைகளை எடுக்க மறந்துவிடுவார்கள். செவ்வாயோடு போன படம் வெள்ளிக்கிழமையும் கடைக் கண்ணாடியில் நிற்கும். முடிவெட்டக் காத்திருப்பவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார், இன்றிரவு என்ன படம் என்று அவருக்குத் தெரியாது. அதனால் புது அட்டையை மாட்டப் போகும் பையன் கையில் பழைய அட்டையை வாங்கிவரச் சொல்லி அனுப்ப வேண்டும். இலவச பாஸையும் அப்போதே, கடைக்காரர் கையில் நேராகக் கொடுத்துவிட வேண்டும்.