சோடியாக டிஸ்க் கோல்ஃப் போட்டியில் இறங்குவது எப்படி?

டிஸ்க் கோல்ஃப் என்பது டிஸ்க் எனும் வட்டத் தட்டை எறிந்து, ஆகக் குறைந்த எறிதலில் கூடைக்குள் விழுத்தும் விளையாட்டு. கூடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் ஒரு தென்னையை இலக்காக வைத்தே பழகலாம். சோடிப் போட்டியில் வழக்கமான முறை இதுதான்: இருவரும் எறிவீர்கள், எந்த டிஸ்க் நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்தே இருவரும் அடுத்ததையும் எறிவீர்கள், ஆகக் குறைந்த எறிதலில் முடிக்கும் சோடிக்கு வெற்றி. அதனால் நிதானமானவர் முதலில் எறியட்டும், அது சரியாக விழுந்துவிட்டால் மற்றவர் பயமில்லாமல் முழுப் பலத்தோடு விடலாம்.

பின்னேரக் கடற்காற்றுதான் பெரிய சிக்கல். எதிர்க்காற்றில் முன்விளிம்பு கொஞ்சம் தூக்கினாலே டிஸ்க் மேலேறி நின்றுவிடும், ஆகவே விளிம்பைச் சற்றுத் தாழ்த்திப் பதிவாக எறியுங்கள்.

கூடையிலிருந்து 10 மீற்றருக்குள் என்றால் எறிந்த வேகத்தில் முன்னால் கால் வைக்கக் கூடாது. அப்புறம், ஒரு துணி கட்டாயம் வேண்டும், மணல் ஒட்டிய விளிம்பு கையிலிருந்து வழுக்கும்.