சிறிய விமான அருங்காட்சியகம்: தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஆர்வலர்கள் சிலர் கூடி ஒரு சிறிய விமான அருங்காட்சியகம் தொடங்க முனையும்போது, பழைய விமானம் ஒன்று எங்கே கிடைக்கும் என்பதே முதல் கேள்வியாக எழுகிறது. என் கணிப்பில் முதல் தவறும் அதுவே. கூரை எழும்பும் முன்னரே விமானத்தைத் திறந்தவெளியில் கொண்டுவந்து நிறுத்தினால், உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் வேலையைத் தொடங்கிவிடும். அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகாணி சேரும் இடங்களில் ஈரமும் உப்பும் தங்கி அரிப்பு ஏற்படுவதால், மேலே வண்ணம் பளிச்சென்று இருக்கும்போதே அடியில் உலோகம் உதிர்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் மீண்டும் பெயின்ட் பூசி, அடிவயிற்றிலுள்ள வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால், மழைநீர் உள்ளேயே தேங்கும். சிறு விமானத்தின் இறக்கை எஞ்சின் ஓடாமலேயே பலத்த காற்றில் மேலெழும் விசையைப் பெறும் என்பதால், அதனைத் தரையில் பதித்த கான்கிரீட் கட்டைகளோடு பிணைக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலைக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பொருள் நன்கொடையா இரவலா என்பதை எழுத்தில் பெறாமல் வாங்கிவைப்பதும் தவறு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்துகொண்டு, அனைத்தையும் சங்கத்தின் பெயரிலேயே பதிவேட்டில் ஏற்றலாம்.

விளக்கப் பலகைகளில் நேரும் பிழைகள்தாம் பார்வையாளர் மனத்தில் நெடுநாள் தங்குகின்றன. 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கிய அஞ்சல் விமானத்தை ஜே.ஆர்.டி. டாட்டா சென்னை வரை ஓட்டிவந்தார் என்று எழுதிவிடுவது எளிது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டியவரே அவர், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். அவ்வாறே, மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் 1910-இல் தாமே உருவாக்கிய விமானத்தைப் பறக்கவிட்டார் என்பதே போதிய பெருமை; 'ஆசியாவிலேயே முதல்' என்ற அடைமொழியைச் சான்றின்றிச் சேர்க்க வேண்டியதில்லை.

மீனம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்களின் நினைவுகளைப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது, திருத்தவே இயலாத தவறு. கொட்டகை இல்லாமலே, ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு, இன்றே தொடங்கக்கூடிய பணி அது. கடைசியாக ஓர் எச்சரிக்கை: விமானி அறையில் பழைய கருவி முகப்பு இருட்டில் ஒளிர்ந்தாலோ, ஒளிர்ந்து மங்கியிருந்தாலோ, அதில் கதிரியக்கப் பொருளான ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் என்பதால், சுத்தம் செய்வதாக எண்ணிக் கண்ணாடியைத் திறக்கவே கூடாது.